கூரைக்குள் செருகிய வாழை இலை

இந்த மாதப் பாடம் கொஞ்சம் நீளமானது. வகுப்பு எடுக்கும் அண்ணன்மார் அக்காமார் இதை இரண்டு வாரமாகப் பிரித்து நடத்தினாலும் பரவாயில்லை. ஆனால் வேகமாக வாசித்து முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டு அனுப்பிவிட வேண்டாம். பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்கட்டும்.

நம் ஆயர் தாவாரிலிருந்து லுமுட் போய் ஃபெர்ரி ஏறினால் பங்கோர். மாசி மகத்துக்குப் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் அதே தீவில் தெலுக் கெடுங்கில் நிற்கும் செங்கல் கோட்டையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பேராக் ஈயத்துக்காக ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1670இல் கட்டியது அது. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய பாறை. அதில் 1743 என்ற ஆண்டும், வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். "கப்பலோட்டிய தமிழன் இங்கேயும் வந்தாராண்ணே?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். சிரிக்காதீர்கள், நல்ல கேள்விதான். இந்த வி.ஓ.சி. வேறு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை எழுத்து அது. அதே கம்பெனிதான் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டது. அந்த 137 ஆண்டும் அங்கே ஒரு சைவன் தன் சாமியைக் கும்பிட என்ன பாடு பட்டான் என்பதுதான் இன்றைய பாடம்.

கதை ஒல்லாந்தருக்கு முன்பே தொடங்குகிறது. 1619இல் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். கடைசி மன்னன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். படைத்தலைவன் ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்தான். அந்த ஆண்டுகளிலேயே திருகோணமலைக் கோணேசர் கோயிலும் போயிற்று. அதன் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதில் நிற்கப் போவதில்லை. கோயில் இடிந்த கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம். இடிந்த மறுநாள் காலையில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், அம்பாள் எல்லாம். படை வருகிறது என்று தெரிந்து யாரோ சிலர் அவசர அவசரமாகப் புதைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. மகனிடம் சொன்னார்களோ, பேரனிடம் சொன்னார்களோ, இடம் மறந்து போயிற்று. முந்நூறு ஆண்டுக்கு மேல் சாமி மண்ணுக்குள் இருந்தார்.

இனி ஒல்லாந்தருக்கு வருவோம். அவர்கள் பறங்கியரைப் போல இடிப்பதில் அதிகம் மெனக்கெடவில்லை. அவர்கள் ஆயுதம் பேரேடு. பறங்கியர் விட்டுப்போன கோயிற்பற்று முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சில கிராமங்களுக்கு ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு சட்டம்பியார். சட்டம்பியார் என்றால் வாத்தியார். அவர் கையில் தோம்பு என்னும் பதிவேடு. யார் பிறந்தார், யார் ஞானஸ்நானம் பெற்றார், யாருக்கும் யாருக்கும் கலியாணம் எல்லாம் அதில் ஏறும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அபராதம். தோம்பில் ஏறாத கலியாணம் சட்டப்படி கலியாணம் இல்லை. அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் காணியில் உரிமை இல்லை. முதலியார், உடையார் என்ற அரசாங்க வேலை வேண்டுமானால் ஒல்லாந்த மதத்தில் பேர் இருக்க வேண்டும்.

இதைப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்லுங்கள். "வாள் முனையில் மதம் மாற்றினார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். வாளைவிட நில உரிமைதான் ஆழமாக வெட்டியது. நம்ம பாஷையில் சொன்னால், சூராட் பெரானாக், ஐ.சி., நிலத்து கிரான் இந்த மூன்றும் ஒரே வாத்தியார் கையில், அவர் கேட்கும் பதில் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மக்கள் போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்துப் பேர் பதிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார்கள். கேட்டதை ஒப்புவித்தார்கள். பிறகு வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தினார்கள்.

சாத்திய படலைக்குப் பின்னால் நடந்தவற்றில் ஒன்றை யாழ்ப்பாணத்தார் இன்றும் வழிவழியாகச் சொல்வார்கள். விரத நாளில் வாழை இலையில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட இலையை வெளியே எறிந்தால், அது விரத நாள் என்று தெரிந்தவன் பார்த்துக் காட்டிக்கொடுப்பான். அதனால் சாப்பிட்ட இலையை மடித்துக் கூரை இறப்பில், கிடுகுக்குள் செருகி வைப்பார்களாம். காய்ந்த பிறகு யாருக்கும் தெரியாமல் அடுப்பில் போடலாம் அல்லவா?

ஒரு நிமிடம் இந்த இலையை நினைத்துப் பாருங்கள். ஒரு ராஜ்ஜியத்தின் அதிகாரம் எச்சில் இலைவரைக்கும் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. அதை ஏமாற்றியது யார்? படையா? பண்டாரமா? சமையல்கட்டில் நின்ற பெண். இலையை எங்கே செருகுவது, எந்தப் பிள்ளை வெளியே உளறும், எந்தப் பக்கத்து வீட்டாள் வரும்போது பேச்சை மாற்ற வேண்டும் என்று கணக்குப் பார்த்தது அவள்தான். நம் சமய நூல்களில் அவளுக்குப் பெயர் இல்லை.

திருநீறும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பூசுவது உள்ளே, அழிப்பது படலையில். கோயில் இல்லாததால் கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை. சத்தம் வரும் எதுவும் முடியாது. சங்கு, சேகண்டி, தவில், நாதசுரம் எல்லாம் ஊருக்கே கேட்கும். மிஞ்சியது என்ன? நாள் பார்த்துப் பட்டினி இருத்தல். மெல்லிய குரலில் வாசித்தல். ஒரு விளக்கு. இந்த மூன்றையும் எந்தச் சட்டத்தாலும் எளிதில் பிடிக்க முடியாது. பட்டினி கிடப்பவனையும் பசியில்லாதவனையும் பார்த்து எப்படிப் பிரிப்பது?

சுன்னாகம் வரதபண்டிதர் இந்த ஒல்லாந்தர் காலத்தவர். சிவராத்திரி புராணம், ஏகாதசிப் புராணம், பிள்ளையார் கதை இவையெல்லாம் அவர் பாடியவை. மூன்றுமே விரதத்தைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? ஒளிந்து கும்பிடுவதற்காகவே அவர் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பத்துப் பேர் ஒரு வீட்டுத் திண்ணையிலோ உள் அறையிலோ கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க ஏற்ற நூல்கள் அவை. பிள்ளையார் பெருங்கதை விரதத்தில் 21 நாளும் அந்தக் கதையைப் படிப்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. பேராக்கில் ரயில்வேயிலும் கச்சேரியிலும் வேலைக்கு வந்த ஈழத்துக் குடும்பங்கள் அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வழி வந்த பாட்டிமார் உங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எல்லாரும் ஒளிந்திருக்கவில்லை. ஓடிப்போனவரும் உண்டு. திருநெல்வேலி என்ற ஊர் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. அங்கே பிறந்த ஞானப்பிரகாசர் பறங்கியர் காலத்தில் வாழ்ந்தவர். அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டுமென்று கட்டளையாம். தன் முறை வருவதற்கு முந்திய இரவே அவர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. சந்நியாசம் பெற்று, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் அவர் வெட்டிய திருக்குளம் இன்றும் ஞானப்பிரகாசம் என்ற பெயரில் இருக்கிறது. ஆறுமுக நாவலர் அவருடைய மரபில் வந்தவர்.

இங்கேதான் வகுப்பில் சண்டை வரும். வரட்டும். எங்கள் வகுப்பில் ஒரு தம்பி, "ஞானப்பிரகாசர்தான்ணே வீரன். பேரை மாத்திக்கிட்டு உள்ளாற சாமி கும்பிட்டவன்லாம் பயந்தாங்கொள்ளி" என்றான். ஒரு தங்கை உடனே, "ஓடிப்போனவரு மட்டும் என்ன, சண்டையா போட்டாரு?" என்றாள். நான் அந்தத் தங்கை பக்கம் சாய்கிறவன். ஞானப்பிரகாசர் பெரியவர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படகில் ஏறும்போது ஒரு மனிதன் தன்னைத்தான் ஏற்ற முடியும். வயலை ஏற்ற முடியாது. கிழவியான தாயையும் நாலு பிள்ளையையும் ஏற்றினாலும் அக்கரையில் சோறு யார் போடுவது? தோம்பில் பேர் பதியாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கவளமும் நிலமும் இல்லை. தங்கியவர்கள் எல்லாரும் ஓடியிருந்தால் யாழ்ப்பாணத்தில் திரும்பக் கோயில் கட்ட ஆள் ஏது?

அதற்காக, ஒளிப்பதில் இழப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஐந்தாறு தலைமுறை இரண்டு முகத்தோடு வாழ்வது விளையாட்டல்ல. வெளியே 'டொன்' போட்ட பெயர், உள்ளே வேலுப்பிள்ளை. ஒல்லாந்தப் பாதிரிமார் இதை அறியாதவர்களும் அல்லர். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், இவர்கள் பேருக்குத்தான் கிறிஸ்தவர்கள் என்று வருத்தத்தோடு எழுதுகிறார். அவர் குறை கூறியதில் நியாயம் உண்டு. நம்பாதவன் வாயில் வேதத்தைத் திணித்தால் வேறு எப்படி இருக்கும்? சட்டம்பியார்களே வீட்டில் சைவர்களாக இருக்கிறார்கள் என்ற புகாரும் பாதிரிமாரிடம் இருந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மறக்க முடியாத ஆள் இந்தச் சட்டம்பியார்தான். காலையில் பிள்ளைகளுக்கு ஒல்லாந்த மதத்தின் கேள்வி பதிலைச் சொல்லிக்கொடுத்து, வராதவனுக்கு அபராதம் எழுதி, மாலையில் தன் வீட்டில் விளக்கேற்றியவர். அவர் எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தார், எத்தனை பேரைக் காணாததுபோல் விட்டார்? எந்தப் பேரேட்டிலும் அது இல்லை.

1711இல் ஒரு கட்டளை வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் சைவச் சடங்கில் கலந்துகொண்டால் பொது இடத்தில் கசையடி, ஓராண்டு விலங்கு போட்ட சிறை. இப்படி ஒரு கட்டளை போட வேண்டி வந்ததே என்ன காட்டுகிறது? ஆண்டு 53 ஆகியும் விளக்கு அணையவில்லை.

சரி, இப்போது பாடத்தின் கடினமான பகுதி. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நடத்தினால் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்போம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஒளிந்து கும்பிட்டவர்கள் சைவர்கள் மட்டும் அல்ல. கத்தோலிக்கரும்தான். ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து மதத்தவர்கள். கத்தோலிக்கன் என்றால் பறங்கியின் ஆள் என்று சந்தேகம். யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே 1658இல், கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். சைவனுக்குக்கூட அவ்வளவு கடுமை இல்லை. முப்பது ஆண்டு அங்கே குருவே கிடையாது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகள் ஒரு கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். வந்ததும் நோயில் விழுந்தார். எழுந்தபின் சில்லாலை என்ற கிராமத்தில் தங்கி, பகலில் மறைந்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் அதிகாரிகள் வீடுகளுக்குள் புகுந்து சுமார் 300 பேரைப் பிடித்தார்கள். அடியில் உயிர் போனவரும் உண்டு. 2015இல் போப்பாண்டவர் கொழும்புக்கு வந்து வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தது செய்தியில் வந்தது நினைவிருக்கலாம்.

அந்த இரவில் பக்கத்து வளவில் ஒரு சைவக் குடும்பமும் விளக்கைத் தணித்து வைத்திருக்கலாம். ஒரே வேலி, இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் சனம். இவர்களில் யார் அந்நியன், யார் நம்மவன்? கோயிலை இடித்தவனும் கத்தோலிக்கன்தான், இருட்டில் ஒளிந்து அடி வாங்கியவனும் கத்தோலிக்கன்தான். இதைப் புரிந்துகொண்டால் பள்ளியில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கிறிஸ்தவத் தோழனிடம் 1621க்குக் கணக்குக் கேட்க மாட்டோம். சில மேடைப் பேச்சுகளைக் கேட்கும்போது எனக்குக் கவலை வருகிறது, அதனால் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. அதே ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலும் கத்தோலிக்கர் வெளிப்படையாகக் கும்பிட முடியாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் 1663இல் தன் வீட்டு மாடிகளை இணைத்து உள்ளே ஒரு முழுத் தேவாலயம் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. இன்று அது அருங்காட்சியகம். அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. தெருவுக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். நம் மலாக்காவிலும் இதே கதை. 1641இல் ஒல்லாந்தர் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாடு தடையானது. தடை தளர்ந்து, 1710இல்தான் புனித பேதுரு தேவாலயம் எழுந்தது. அதே மலாக்காவில் 1781இல் செட்டிகள் பொய்யாத விநாயகர் கோயில் கட்ட நிலம் கொடுத்ததும் ஒல்லாந்தர்தான்!

ஒரே கம்பெனி, ஓரிடத்தில் கசையடி, ஓரிடத்தில் நிலம். ஏன்? பங்கோரில் அவனுக்கு வேண்டியது ஈயம், யார் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன? மலாக்காவில் செட்டியார் வணிகம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவன் நிலவரி வாங்கி ஊரையே ஆண்டான். கோயிற்பற்றுப் பள்ளிதான் அவனுடைய அரசாங்க அலுவலகம். மதம் அங்கே நிர்வாகம். காலம் போகப் போகப் பறங்கிப் பயம் தீர்ந்ததும், யாழ்ப்பாணத்திலும் பிடி தளர்ந்தது. கச்சேரியில் வேலை பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார் அனுமதி வாங்கி 1749 வாக்கில் நல்லூர்க் கந்தனுக்குக் குருக்கள் வளவில் சிறு கோயில் எழுப்பினார். பழைய கோயில் நின்ற இடத்தில் தேவாலயம் வந்துவிட்டதால் இடம் மாறியது. மூலஸ்தானத்தில் விக்கிரகம் இல்லை, வேல்தான். இன்றும் அப்படித்தான்.

கோவாவில் பறங்கியர் பிடி இன்னும் நீண்டது. 1736இல் வந்த ஒரு கட்டளை, வீட்டு வாசலில் துளசி வைக்காதே, வேட்டி கட்டாதே, கலியாணத்தில் வெற்றிலை பாக்குச் சீர் செய்யாதே என்று போகிறது. அங்கே பலர் தங்கள் சாமியை 1560களிலேயே தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போண்டாவுக்குப் போய்விட்டார்கள். மங்கேஷி கோயில் அப்படி இடம் மாறிய ஒன்று.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். தோம்புக் கட்டாயம் போயிற்று. கத்தோலிக்கருக்கு 1806இல் சட்டப்படி விடுதலை. ஒல்லாந்தர் பேரேட்டில் யாழ்ப்பாணத்தில் லட்சத்துக்கும் மேல் கிறிஸ்தவர் இருந்தார்கள். 1806இல் வந்து பார்த்த புக்கானன் என்ற பாதிரியார், ஒல்லாந்தர் வளர்த்த அந்த மதம் ஏறக்குறைய அற்றுப் போய்விட்டதைக் கண்டார். கத்தோலிக்கரோ அப்படியே நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். ஒளிந்து காத்த இரண்டும் நிலைத்தன. பேரேட்டால் காத்தது நிலைக்கவில்லை. 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தொடங்கினார். முணுமுணுப்பாக இருந்தது அன்றைக்கு உரத்த குரலானது.

ஆனால் இருட்டில் காத்ததோடு சில இருட்டும் வந்தது. ஒளிந்து கும்பிடும்போது நம்பிக்கையானவர் யார்? சொந்தக்காரர், சாதிக்காரர். வட்டம் சுருங்கியது. சுருங்கிய வட்டம் விடுதலை வந்த பிறகும் விரியவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டி வந்தது. கதவைச் சாத்தியே இருந்தவர்களுக்குத் திறக்கக் கை வரவில்லை போலும். இதையும் வகுப்பில் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

நமக்கு வருவோம். தோட்டத் துண்டாடல் காலத்திலும் அதற்குப் பின்னும் எத்தனை தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறின, எத்தனை இல்லாமலே போயின என்று உங்கள் தாத்தாமார் சொல்லுவார்கள். லயம் போனது, பால்மரம் போனது, கோயிலும் போனது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாக் கோயிலும் சாத்தின. யாரும் நம்மைத் துன்புறுத்தவில்லை. நோய்க்காகச் சாத்தினார்கள், அது சரிதான். ஆனால் சாமி மேடைக்கு முன்னால் பல வீடுகளில் யூடியூப்தான் பாடியது. நமக்கு மேளம் தெரியும், காவடி தெரியும், உபயம் தெரியும். சத்தமில்லாமல் கும்பிடத் தெரியுமா?

அடுத்த வகுப்புக்கு வரும்போது இவற்றைச் செய்துகொண்டு வாருங்கள். வீட்டில் மூத்த பெண்மணி ஒருவரிடம், அவர் இருக்கும் விரதங்கள் என்னென்ன, யாரிடம் கற்றார், அன்றைக்கு என்ன சமைப்பார், என்ன வாசிப்பார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். அவர் சொல்லுகிற வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பெரிய பிள்ளைகள், அந்தச் சட்டம்பியார் செய்தது சரியா தவறா என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசத் தயாராக வாருங்கள். ஒரு நிபந்தனை: நீங்கள் நம்புகிற பக்கத்தில் உங்களை நிறுத்த மாட்டேன், எதிர்ப்பக்கத்தில்தான் நிறுத்துவேன்.